ரெட்டி சொன்னால் நான் பேசுவேன்

எனக்குப் பாரிச வாயு வந்த அன்று சித்தூர் கோர்ட்டில் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நான் அப்படிப் பழக்கி வைத்திருந்தேன்.

அங்கே நான் மொழிபெயர்ப்பாளன். முன்சீப் குண்டூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் தெரியாது. சாட்சி சொல்ல வருகிறவர்களில் பாதிப் பேர் குடிபாலா, நகரிப் பக்கத்துக் குடியானவர்கள். கூண்டில் ஏறியதும் தமிழைத் தவிர வேறு எதுவும் வராது. நடுவில் நின்று அவர்கள் பேச்சை இவருக்கும், இவர் பேச்சை அவர்களுக்கும் மாற்றிக் கொடுப்பது பதினேழு வருஷமாக என் பிழைப்பு. சும்மா மாற்ற மாட்டேன். சாட்சி இருமினால் இருமுவேன், மூக்கை உறிஞ்சினால் உறிஞ்சுவேன். முன்சீப் பேனாவைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார்.

அன்றைக்கு வேலித் தகராறு. சாட்சி பல் போன கிழவர்.

"அந்த வேலி எங்க நைனா காலத்துலேர்ந்து அங்கதான் கீது சாமி" என்றார்.

தெலுங்கில் சொல்ல வாயைத் திறந்தேன். "ப... ப... ப..." என்று வந்தது. பல் இல்லாத கிழவரைப் போல் பேசிக் காட்டுகிறேன் என்று கோர்ட்டு நினைத்தது. சிரிப்பு. கையிலிருந்த பேனா நழுவிக் கீழே விழுந்தது. இன்னும் பெரிய சிரிப்பு. கூண்டைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்தபோது கிழவரே சிரித்துவிட்டார். என் வாய் ஒரு பக்கமாகக் கோணி எச்சில் வழிந்ததைப் பார்த்துத்தான் பெஞ்சு குமாஸ்தா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் விஷயத்தை விளக்கினார்கள். மூளையின் இடது பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாய் ஒன்றில் ரத்தக் கட்டி அடைத்துக்கொண்டதாம். வலது கையையும் காலையும் ஆட்டுவிப்பது இடது மூளை. பேச்சும் அங்கேதான் குடியிருக்கிறது. ஆகவே வலது கை, வலது கால், வாய் மூன்றும் ஒரே நாளில் வேலைநிறுத்தம் செய்தன. கையில் பட்டை சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் அதிகம். உப்பை நிறுத்தினார்கள்.

எட்டு நாள் ஒரு மொழியும் இல்லை. ஆனால் காது நன்றாகக் கேட்டது, இரண்டு மொழியும் புரிந்தது. பார்க்க வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. என் முகத்துக்கு நேரே, நான் பிழைப்பேனா என்று ஒரு கூட்டம் தமிழிலும் ஒரு கூட்டம் தெலுங்கிலும் பேசியது. நான் பிழைத்துவிடுவேன் என்ற நம்பிக்கை தெலுங்குக் கூட்டத்துக்குத்தான் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

சித்தூரிலிருந்து வேலூர் கூப்பிடு தூரம். என் மனைவி வள்ளி அங்கேதான் கொண்டுபோகச் சொன்னாள். அவள் பிறந்த ஊரும் அந்தப் பக்கம், காட்பாடிக்கு அப்பால். ஆனால் தலைமைக் குமாஸ்தா கையை விரித்துவிட்டார். ஆந்திர ராஜ்யம் பிரிந்தாகிவிட்டது, உத்தியோகஸ்தன் லீவுக்கு இந்த ராஜ்யத்து டாக்டர் கையெழுத்துதான் செல்லும் என்றார். கையெழுத்துக்காகப் பக்கத்தில் இருந்த வேலூரை விட்டுவிட்டு, இரண்டு மடங்கு தூரம் திருப்பதிக்குப் போனேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஆண்களுக்கு ஒரே வார்டு. என் வலது பக்கக் கட்டிலில் சுப்பாரெட்டி. பீலேர்ப் பக்கத்தில் வேர்க்கடலை போடுகிறவர், மாட்டுவண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, காலைக் கயிற்றில் கட்டித் தூக்கி மறுமுனையில் எடைக்கல் தொங்கவிட்டிருந்தார்கள். டாக்டர் இளைஞர், நெல்லூர்க்காரர். சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். உள்ளங்காலைச் சாவியால் கீறினார். பெருவிரல் கீழே மடங்கினால் நல்லதாம். மேலே எழும்பினால் மூளையில் கோளாறாம். என் வலது பெருவிரல் முன்சீப் வந்ததும் எழும் டவாலிச் சேவகன் மாதிரி விறைப்பாக எழுந்து நின்றது.

இரண்டாம் நாள் டாக்டர் சும்மா கேட்டார்: "மீ பேரேமி?"

என் பெயர் என்ன என்று கேட்டவருக்குப் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். சாப்பாட்டில் உப்பில்லை என்று தெலுங்கில் புகாரும் சொன்னேன். திக்கல் இருந்தது, ஆனால் பேச்சு. வள்ளி இரண்டு கையையும் எடுத்து மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். அவளைப் பார்த்துத் திரும்பினேன். 'பயப்படாதே, வந்துவிட்டேன்' என்று தமிழில் சொல்ல வேண்டும்.

வரவில்லை.

அலமாரி அங்கேயே இருக்கிறது, கைப்பிடியைக் காணோம். அப்படி இருந்தது. திரும்பவும் முயன்றேன். நன்றாக இருக்கிறேன் என்பது, "பாகுன்னானு" என்று தெலுங்கில் வந்தது.

"என்கிட்ட இன்னாத்துக்குத் தெலுங்கு?" என்றாள் வள்ளி.

இங்கே ஒரு பழைய கணக்கைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்த நாளிலிருந்து வள்ளியின் சந்தைத் தெலுங்கைக் கேலி செய்தவன் நான். அவள் கத்தரிக்காய் வாங்குவதை நண்பர்களுக்கு நடித்துக் காட்டுவேன். ஆகவே நான் வேண்டுமென்றே விளையாடுவதாக அவள் நினைத்தாள். கோர்ட்டு நினைத்ததைத்தான் அவளும் நினைத்தாள். இரண்டு நாள் கஞ்சியை என் பக்கம் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் நான் அழுததைப் பார்த்துத்தான் நம்பினாள்.

அப்போது ஆரம்பித்தது குழப்பம். என் தாய்மொழி தமிழ். அம்மா திட்டியது தமிழ், பசித்து அழுதது தமிழ். தெலுங்கு பள்ளிக்கூடத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. வாடகைக்கு வந்தவன் வீட்டில் இருக்க, வீட்டுக்காரன் வெளியே போய்விட்டானே, இது என்ன நியாயம்? பார்க்க வந்த கோர்ட்டு நண்பர்கள் மகிழ்ந்தார்கள்: நீ மனசளவில் எங்கள் ஆள் என்று இப்போது தெரிந்துவிட்டது. வள்ளியின் உறவுக்காரர் ஒருவர் கட்டிலைவிட்டு இரண்டடி தள்ளி நின்றே விசாரித்தார். எந்தத் தாலுகா யாருக்கு என்று ஊரெல்லாம் அடித்துக்கொண்டிருந்த சமயம். என் மண்டையும் தகராறில் உள்ள ஒரு தாலுகா ஆகிவிட்டது. 'முருகா' என்ற ஒரு சொல் மட்டும் தானாக வரும். அதைத் தமிழ்க் கணக்கில் சேர்க்கலாமா என்றால், திருத்தணியே எந்தப் பக்கம் என்று அப்போது தீரவில்லை.

டாக்டரைக் கேட்டேன், தெலுங்கில்தான். இரண்டு மொழி கற்றதால் வந்த வினையா இது?

"தெரியவில்லை" என்றார். நல்ல மனிதர், தெரியாததைத் தெரியாது என்பார். "ஒன்றே ஒன்று தெரிந்திருந்தால் இவ்வளவு குழப்பம் இருந்திருக்காது. ஆனால் அந்த ஒன்றும் போயிருந்தால் இப்போது இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு வாய் இருந்திருக்காது."

அவர் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். எந்த மொழியில் யோசித்தேன் என்று யோசித்ததும் அதுவும் நின்றுவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் ரெட்டி தண்ணீர் கேட்டார். அவர் மனைவி வெளியே போயிருந்தாள். வள்ளியைப் பார்த்து, "மஞ்சிநீள்ளு இவ்வம்மா" என்றார்.

அவர் முடித்த கணமே என் வாய் தானாகத் திறந்தது: "குடிக்கத் தண்ணி குடும்மா."

தமிழ்! சுத்தமான தமிழ்! வள்ளி கூஜாவைக் கீழே போட்டாள். ரெட்டி தண்ணீரை மறந்துவிட்டார். "இன்னொரு தரம் சொல்லுங்க" என்று வள்ளி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். திறந்தேன், ஒன்றுமில்லை. ரெட்டி இன்னொரு தரம் தெலுங்கில் கேட்டார். இன்னொரு தரம் தமிழில் வந்தது.

டாக்டர் ஓடி வந்தார். வேலூர்க்கார நர்சு ஒரு சாவியைக் காட்டி, "இது இன்னா?" என்றாள். விழித்தேன். டாக்டர் அதன் பெயரை அவளுக்குத் தெலுங்கில் சொன்னார். "சாவி" என்றேன். நானாகத் தேடினால் தமிழ் கிடைக்காது. என்னிடம் தெலுங்கில் பேசினால் தெலுங்கிலேயே பதில் வரும்; யாராவது ஒரு தமிழ் ஆளுக்காகத் தெலுங்கில் சொன்னால் அதை மாற்றிச் சொல்லத் தமிழ் ஓடி வரும். சொற்கள் அழியவில்லை, அவற்றைத் தானாக எழுப்பிக்கொண்டு வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது, பதினேழு வருஷ உழைப்பில் பழகிய வழி வேறு, அது திறந்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். பிறகு சிரித்தார்.

"கோர்ட்டு வேலைக்கு நீங்கள் முழுத் தகுதி. குடும்பத்துக்குத்தான் இன்னும் தகுதி வரவில்லை."

எனக்குச் சுரீர் என்றது. காரணம் என் மச்சான் ஏகாம்பரம்.

வள்ளியின் தம்பி அவன். வாரத்தில் நாலு நாள் கரும்பு, மூன்று நாள் எல்லைப் போராட்டம். இரண்டு வருஷத்துக்கு முன் குடிபாலாப் பக்கம் ஒரு கூட்டத்தில் பேச வந்தான். தெலுங்குக்காரர்களும் இருந்ததால், பெயர்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டான். அரசாங்க ஊழியன் மேடை ஏறக் கூடாது. ஆகவே மேடைக்குக் கீழே நின்று பெயர்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வெயில். "உயிரே போனாலும் ஒரு அங்குலம் மண்ணை விட மாட்டோம்!" என்று அவன் கையை ஓங்கினான். நான் தெலுங்கில் சொன்னது: "என் மச்சான் இருட்டுகிற வரைக்கும் நிறுத்த மாட்டார். மோர் குடிக்கிறவர்கள் இப்போதே போய்க் குடித்துவிட்டு வரலாம்." பாதிக் கூட்டம் எழுந்து மோர்ப் பானையைப் பார்த்துப் போனது. ஊர்வலம் கிளம்பிவிட்டது என்று நினைத்து அவன் மேடையிலிருந்து குதித்து முன்னால் போய் நின்றான். மறுநாள் யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அடுத்தவன் வாயில் என் பேச்சைத் திணித்தவன் நான். இப்போது அடுத்தவன் பேச்சைத் தவிர என் வாயில் ஒன்றுமில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. வள்ளிக்குத் தமிழில் சொல்லவும் முடியாதே.

ஆனால் வார்டில் நல்ல வேடிக்கை நடந்தது. வள்ளியின் சந்தைத் தெலுங்கும் ரெட்டியின் வேலூர்ச் சந்தைத் தமிழும் கைகோத்துக்கொண்டன. அவள் ரெட்டியின் காதில் ஏதோ சொல்வாள்; ரெட்டி தொங்கும் காலோடு என்னைப் பார்த்துத் தெலுங்கில் உரக்கச் சொல்வார்; என் வாய் தமிழில் கொட்டும்.

"என் பெண்டாட்டி ரசம் வச்சா அமிர்தம்தான்" என்றேன்.

"இவளாலதான் நான் மனுஷன் ஆனேன்" என்றேன்.

அடக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. கோர்ட்டில் பழகிய நாக்கு. மற்றவர் முடித்ததும் பாய்ந்துவிடும். நர்சுகள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். வள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பதினெட்டு வருஷம் கழிச்சு இதை உங்க வாயால கேக்க, மூளை அடைச்சிக்கணுமா?" என்றாள்.

இரண்டு நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் ரெட்டி தானாகவே ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"வாணாம்ணா. நல்லாத்தான் கீது கேக்க. ஆனா அவரு சொல்லலையே."

மறுநாள் விடியற்காலையில் அலிபிரிக்குப் போய், அங்கிருந்து வெறுங்காலோடு படி ஏறி மலைக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து கட்டிலுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்தபோது பார்த்தேன். இரண்டு பாதத்திலும் கொப்புளம். ஒன்று உடைந்து ரத்தம் கசிந்திருந்தது. ரெட்டியை எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோயிருந்தார்கள். வார்டில் எனக்காகப் பேச ஆள் இல்லை.

ஒரே ஒரு சொல்தான் வேண்டும். வலிக்குதா? அவ்வளவுதான். நாக்கை எங்கெங்கோ வைத்துப் பார்த்தேன். நானே தெலுங்கில் மனசுக்குள் சொல்லிப் பெயர்க்கப் பார்த்தேன். அந்தக் குறுக்கு வழி நடக்கவில்லை. இன்னொருவர் சொன்னால்தான் நாக்கு வேலை செய்தது. கடைசியில் தெலுங்கிலேயே கேட்டேன்: "நொப்பிகா உந்தா?"

அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். காலை இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"தெலுங்குல கேட்டா வலிக்கலைன்னுதான் சொல்லுவேன்."

அன்றைக்குத்தான் நிஜமாகப் பயந்தேன். கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. இது திரும்பாவிட்டால், வீடு போனதும் நாங்கள் இருவரும் யாரை வைத்துக்கொண்டு பேசுவது? ரெட்டியைத் தத்து எடுப்பதா?

ஒரு கனவு கூட வந்தது. அதில் நான் வெளுத்துக் கட்டுகிறேன் தமிழில். வள்ளிதான் எல்லாவற்றுக்கும் தெலுங்கில் பதில் சொல்கிறாள். விழித்ததும் எது சரி என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

ஒரு வாரம் கழித்து ஏகாம்பரம் வந்தான். வள்ளி கடிதம் போட்டிருக்கிறாள். சாத்துக்குடிப் பையோடு வார்டு வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று யோசித்தான். இரண்டு வருஷத்தில் மீசை நரைத்திருந்தது.

"உள்ள வாடா" என்றாள் வள்ளி. பிறகு என் தலைமாட்டில் வந்து நின்றாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் புரிந்தது, இரண்டு நாளாக ரெட்டியிடம் எதையோ பாடம் செய்துகொண்டிருந்தது இதற்குத்தான். தன் சொந்தத் தெலுங்கில், நான் பதினெட்டு வருஷம் நடித்துக் காட்டிய அதே தெலுங்கில், ஆரம்பித்தாள்.

"ரா பாமர்தி."

"வா மச்சான்" என்றேன்.

ஏகாம்பரத்தின் முகம் இளகியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். உடம்பு எப்படி, பயிர் எப்படி என்று அவள் கேட்க, நான் கேட்டேன். அவன் பதில் சொன்னான். ரெட்டி தலையைத் தூக்கிக்கொண்டு, கோர்ட்டில் தீர்ப்புக்குக் காத்திருப்பவர் மாதிரி பார்த்தார். வள்ளி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"ஆ ரோஜு நேனு செப்பிந்தி தப்பு."

அன்றைக்கு நான் சொன்னது தப்பு. அவ்வளவுதான். நாக்கு பாய்ந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது..."

நின்றது. ஏகாம்பரம் என்னையே பார்த்தான். எனக்கு அந்த மேடை தெரிந்தது, வெயில் தெரிந்தது, எழுந்து போகிற கூட்டம் தெரிந்தது. உள்ளே எங்கேயோ ஒரு கை, காணாமல்போன கைப்பிடியைத் தொட்டது.

"...சரி... தான்" என்றேன்.

வள்ளி சொல்லிக் கொடுத்தது இதுவல்ல.

"நீ... இருட்டுற வரைக்கும்... பேசின."

ஏகாம்பரம் விருட்டென்று எழுந்தான். "பாத்தியா அக்கா! சாகக் கெடந்தும் கொழுப்பு கொறைஞ்சிச்சா பாரு! இதுக்குத்தான் எனக்குக் கடுதாசி போட்டியா? நான் அன்னைக்கு அரை மணி நேரம்தான் பேசினேன்!"

"ஒன்றரை" என்றேன்.

"டேய், நிறுத்துடா!" என்று வள்ளி கத்தினாள். "அவரு பேசறாரு! நான் சொல்லல, ரெட்டி அண்ணன் சொல்லல, அவராப் பேசறாரு!"

ஏகாம்பரம் வாயைத் திறந்தபடி நின்றான். விஷயம் மண்டையில் ஏற ஒரு கணம் ஆயிற்று. பிறகு என் நல்ல தோளைப் பிடித்து உலுக்கினான். "திட்டு மாமா! இன்னும் திட்டு! என் மீசையைப் பத்திச் சொல்லு! இன்னா வேணா சொல்லு!" ரெட்டி கட்டிலில் கை தட்டியதில் எடைக்கல் ஆடி, வலியில் அலறினார். நர்சு வந்து எல்லோரையும் விரட்டினாள்.

டாக்டர் கேஸ் காகிதத்தில் என்ன எழுதினார் என்று தெரியாது. எது திறந்தது என்று கேட்டேன். கோபமாக இருக்கலாம், குறும்பாக இருக்கலாம், ரத்தம் தானாக வழி கண்டிருக்கலாம் என்றார். இரண்டு மொழி இருந்தது கெடுத்ததா காப்பாற்றியதா என்று கேட்டேன். இரண்டும் என்றார். இப்போது வலது கையால் எழுத்தைக் கோணல்மாணலாக எழுதிக்கொண்டிருக்கும் எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எல்லைக் கோட்டைக்கூடப் போட்டுவிட்டார்கள். என் விஷயம் மட்டும் இன்னும் விசாரணையில் இருக்கிறது. ஏகாம்பரத்திடம் மன்னிப்பு இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என் உடம்பு மறுபடி கெட்டுவிட்டதென்று பயந்துவிடுவான்.

அன்று சாயங்காலம் அவனைப் பஸ் ஏற்றிவிட்டு வள்ளி திரும்பி வந்தாள். வழக்கம்போல் கட்டிலுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்தாள். ரெட்டி தூங்கிக்கொண்டிருந்தார். நான் குனிந்து பார்த்தேன். கொப்புளமெல்லாம் ஆறி, தோல் உரிந்து, புதுத் தோலும் வந்துவிட்டது.

"வலி... வலிக்குதா?" என்றேன்.

வள்ளி தன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வலிக்குது" என்றாள்.